430-ஐ 580 என்று எழுதச் சொல்கிறார்கள்

கேள்வி: சார், வணக்கம். டிப்ளமோ முடித்து, பிறகு பி.இ. சிவில் படித்தேன். வயது 27. கோவையில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) இன்ஜினீயராக இருக்கிறேன். கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளமும் அதற்கு மேல் ஐந்து மாடியும் உள்ள அபார்ட்மென்ட் வேலை. ஸ்டில்ட் காலம்களுக்கு, அதாவது தூண்களுக்கு, போட்ட எம்25 கான்கிரீட்டின் (28 நாளில் சதுர மி.மீ.-க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டியது) 28 நாள் சோதனைக் கியூப்களைப் போன வாரம் உடைத்தேன். மூன்றும் 430, 415, 440 கிலோநியூட்டனில் நின்றுவிட்டன. ரிஜிஸ்டரில் 580, 585, 590 என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் ப்ராஜெக்ட் மேனேஜர். "எல்லா சைட்லயும் நடக்கிறதுதான். டிசைன்ல சேஃப்டி ஃபேக்டர் இருக்கு. கியூப் உடைஞ்சா பில்டிங்கா உடையப் போகுது?" என்கிறார். இரண்டு நாள் டைம் கேட்டிருக்கிறேன். சில மாதம் முன்பு ஒரு ஸ்லாபுக்கு 24.2 வந்ததை 25.5 என்று நானே மாற்றி எழுதியிருக்கிறேன். "அன்னிக்குப் போட்ட கை இன்னிக்கு ஏன் நடுங்குது" என்று அதையே எடுத்துக் கேட்கிறார். அப்பா சென்ட்ரிங் வேலை பார்த்தவர், முதுகு போய் இப்போது வீட்டில் இருக்கிறார். அக்கா கல்யாணக் கடனுக்கு மாதம் 9,000 போகிறது. "ஊரோட ஒத்துப் போடா" என்கிறாள் அம்மா. பொய் எழுத மனசு வரவில்லை. வேலையை விட்டுவிடவா? இல்லை, நான்தான் ரொம்ப விறைப்பாக இருக்கிறேனா?
(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தம்பி,

கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமாக் கடிதமும் எழுதாதீர்கள். உங்கள் முன்னால் இருப்பது இந்த இரண்டு வழிதான் என்று நினைத்துக்கொண்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. நீங்கள் படித்த தொழிலே அந்த இடத்தில்தான் இருக்கிறது. கட்டமைப்புப் பொறியாளனாக வேலை பார்த்து, இப்போது தர ஆய்வு செய்துவருகிறவன் என்ற முறையில் அதைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். 150 மி.மீ. கியூப்பின் முகப்பு 22,500 சதுர மி.மீ. நீங்கள் பார்த்த மூன்று எண்களையும் நியூட்டனாக்கி (430 என்றால் 4,30,000) அதால் வகுத்தால் சதுர மி.மீ.-க்கு 19.1, 18.4, 19.6 நியூட்டன் வரும். சராசரி 19. எம்25-க்கு மிக்ஸ் டிசைன் செய்யும்போது, அதாவது கலவை விகிதம் வகுக்கும்போது, நாம் குறிவைப்பது 25 அல்ல, சுமார் 31.6. அங்கிருந்து 19-க்கு இறங்கியிருக்கிறது என்றால் அது சின்ன ஏற்ற இறக்கம் இல்லை. எங்கேயோ ஒரு தப்பு நடந்திருக்கிறது. அது தூணிலும் நடந்திருக்கலாம், கியூப்பில் மட்டுமே நடந்திருக்கவும் கூடும்.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மோல்டில் கான்கிரீட்டை மூன்று அடுக்காகப் போட்டு ஒழுங்காகக் குத்தாமல் விட்டிருக்கலாம். மோல்டைப் பிரித்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் இறக்காமல் வெயிலில் கிடந்திருக்கலாம். அப்படியானால் காலம்கள் நன்றாகவே இருக்க வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் நமக்கெல்லாம் தெரிந்த இன்னொரு கதைதான்: லாரி டிராஃபிக்கில் மாட்டி லேட்டாக வந்திருக்கும், கான்கிரீட் இறுகத் தொடங்கியிருக்கும், "கொஞ்சம் தண்ணி விடுப்பா" என்று யாரோ டிரம்மில் ஹோஸைச் சொருகியிருப்பார்கள். எது நடந்தது என்பதை டெலிவரி சலான், அன்றைய ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கம்) பதிவு, கான்கிரீட் கலந்து அனுப்பிய ஆர்.எம்.சி. பிளான்ட் தன் பங்குக்கு எடுத்துவைத்த கியூப்களின் ரிசல்ட் இவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். 580 என்று எழுதிவிட்டால் இந்தத் தேடலுக்கே இடமில்லாமல் போய்விடும். காலம்கள் நன்றாக இருந்தாலும் அதை நிரூபிக்கும் வழி அடைபட்டுவிடும். கெட்டிருந்தால், அது தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள்.

இன்னொன்று உங்கள் மேனேஜருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவர் சொல்லும் எண்களை எழுதினாலும், கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 456-படி பாஸ் ஆக அது மட்டும் போதாது. 25-ஐத் தாண்டினால் போதும் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2013-ல் வந்த திருத்தத்தின்படி, அடுத்தடுத்த நான்கு ரிசல்ட்டின் சராசரி எம்25-க்குக் குறைந்தது 28 இருக்க வேண்டும். தனி ரிசல்ட் எதுவும் 22-க்குக் கீழே போகக் கூடாது. மூன்று கியூப்பின் சராசரிதான் ஒரு ரிசல்ட்; 580, 585, 590 என்றால் அது 26. ரிஜிஸ்டர் முழுக்க 25.8, 26, 26.2 என்று இருந்தால், விஷயம் தெரிந்தவர் கண்ணுக்கு அது இரண்டு குற்றங்களைக் காட்டிக்கொடுக்கும். ஒன்று, சராசரி எட்டவில்லை. இரண்டு, நிஜக் கான்கிரீட் இப்படி ஒரே இடத்தில் கூடி நிற்காது. ஒரு நாள் 27 வரும், ஒரு நாள் 35 வரும். ஆய்வுக்குப் போகும் இடங்களில் ரிஜிஸ்டரைப் புரட்டும்போது நான் முதலில் பார்ப்பது எண்கள் போதுமான அளவுக்குச் சிதறியிருக்கின்றனவா என்பதைத்தான்.

இப்போது சேஃப்டி ஃபேக்டர். மேனேஜர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்பதால் இதற்கு ஒழுங்காகவே பதில் சொல்ல வேண்டும். கான்கிரீட்டின் பலத்தை 1.5-ஆல் வகுக்கிறோம், பாரத்தை 1.5-ஆல் பெருக்குகிறோம். அதனால் 19 வந்த தூண் நாளைக் காலையில் சரிந்துவிடாது. ஆனால் அந்த இடைவெளி யாருக்காக விடப்பட்டது? ஏதோ ஒரு தூணில் கம்பி அரை அங்குலம் விலகிக் கட்டப்பட்டிருக்கும், அது கட்டினவருக்கே தெரியாது. பத்து வருடம் கழித்து அசோசியேஷன் மொட்டை மாடியில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி வைக்கும். தண்ணீர் அதிகமான கான்கிரீட்டில் துளைகள் அதிகம். ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். 1900 பிப்ரவரியில் கோவையை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது, அது திரும்ப வராது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. இப்படி யாருக்கும் தெரியாமல் வரும் பிழைகளுக்காக ஒதுக்கி வைத்தது அது. தெரிந்தே அதிலிருந்து எடுத்துச் செலவழிக்க உங்களுக்கோ மேனேஜருக்கோ உரிமை கிடையாது. அதுவும் ஸ்டில்ட் தூணில்! கார் நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல், மேலே இருக்கும் ஐந்து மாடியையும் தாங்கி நிற்பவை அவை. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடி விழுந்து 61 பேர் செத்தார்கள். அங்கே கியூப் ரிப்போர்ட்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த கூலித் தொழிலாளிகள் என்பதை நினைவில் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். கட்டடம் விழுந்தால் முதலில் சாவது ஃபிளாட் வாங்கினவர் இல்லை.

உங்களை உண்மையில் கட்டிப்போட்டிருப்பது இதெல்லாம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. "அன்னிக்குப் போட்ட கை" என்ற அந்த ஒரு வாக்கியம்தான். 24.2-ஐ 25.5 என்று எழுதிய பிறகு, மறுக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்ற கேள்வி உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது.

இருக்கிறது, தம்பி. நேர்மையாக இருக்க நினைப்பவர்களை வளைக்க இந்தத் துறையில் மிக அதிகமாகப் பயன்படும் கருவியே இதுதான். முதலில் கைக்கு அடக்கமாக ஒரு சின்னப் பொய்யை எழுத வைப்பார்கள். அதில் பெரிய ஆபத்து இருக்காது, அதனால் மனசும் ஒத்துக்கொள்ளும். பிறகு பெரியது வரும்போது சின்னதைத் தூக்கிக் காட்டுவார்கள். "ஒன்று சுத்தமாக இரு, இல்லாவிட்டால் பேசாமல் இரு" என்பது கேட்க நியாயம் போலத் தோன்றும். அதை ஒப்புக்கொண்டால் இந்த உலகத்தில் யாருமே எதையும் மறுக்க முடியாது, ஏனென்றால் முழுச் சுத்தமான ஆள் யாரும் இல்லை. ஒருவனுடைய மதிப்பீடுகள் என்பவை அவன் இதுவரை ஒருமுறைகூட வழுக்கியதில்லை என்பதற்கான சர்டிஃபிகேட் அல்ல. வழுக்கிய பிறகு அவன் எந்தப் பக்கம் எழுந்து நிற்கிறான் என்பதில்தான் அவை தெரியும். மேனேஜரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஆமா சார், அன்னிக்கு எழுதினேன். அது தப்பு. அதையும் சரி பண்ணப் போறேன்."

சரி பண்ணவும் வேண்டும். அந்தப் பழைய பதிவை ஒயிட்னர் போட்டு அழிக்காதீர்கள். 25.5-ஐ ஒற்றைக் கோட்டால் அடித்து, அடித்தது படிக்கும்படி இருக்கட்டும், பக்கத்தில் 24.2 என்று எழுதி, திருத்திய தேதியும் உங்கள் கையெழுத்தும் போடுங்கள். வேதனையான விஷயம் என்னவென்றால், அந்த 24.2 தனி ரிசல்ட் என்ற அளவில் 22-க்கு மேலேதான் இருந்தது. முன்னும் பின்னும் வந்த ரிசல்ட்களோடு சேர்ந்து சராசரி 28 வந்திருந்தால் அது அப்படியே பாஸ். அதைப் பொய்யாக்க வேண்டிய தேவையே இல்லாமல் இருந்திருக்கலாம். விதியைப் படிக்காத பயத்தில் எழுதப்படும் பொய்கள் நம் தொழிலில் நிறைய. ஐஎஸ் 456-இல் 16, 17-ஆம் பிரிவுகளை இன்றிரவே எடுத்துப் படியுங்கள்.

ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலும் 17-ஆம் பிரிவில்தான் இருக்கிறது. கியூப் ஃபெயில் ஆனால் கட்டடத்தை இடி என்று அது சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் கோர், அதாவது கான்கிரீட்டிலிருந்து துளைத்தெடுக்கும் உருளை, எடுத்துச் சோதித்துப் பார் என்கிறது. குறைந்தது மூன்று கோர். அவற்றுக்கு இணையான கியூப் பலத்தின் சராசரி 25-இல் 85 சதவீதம், அதாவது உங்களுக்கு 21.25 வந்து, எந்தக் கோரும் 75 சதவீதத்துக்கு, அதாவது 18.75-க்குக் கீழே போகாவிட்டால் அந்தக் கான்கிரீட்டை ஏற்றுக்கொள்ளலாம். முதலில் கான்கிரீட்டை உடைக்காமலே செய்யும் ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனைகளை வைத்து எந்தத் தூண் பலவீனம் என்று தேடலாம். பிறகு கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியால் பார்த்து, அதை வெட்டாமல் கோர் எடுக்கலாம். அதிலும் தேறாவிட்டால், கிடைத்த பலத்தை வைத்து ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் மறுபடி கணக்குப் போடுவார். தேவையென்றால் தூணைச் சுற்றிக் கூடுதல் கம்பியும் கான்கிரீட்டும் போட்டு ஜாக்கெட்டிங் செய்யலாம். இந்த எல்லாமே மேலே பாரம் ஏறுவதற்கு முன்பு சுலபம், ஏறிய பிறகு பெரும்பாடு. அதனால்தான் உங்கள் இரண்டு நாள் முக்கியம்.

நாளைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காலையில் ரிஜிஸ்டரில் 430, 415, 440 என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு மேனேஜரைத் தனியாகப் பாருங்கள், மெயில் அனுப்புவதற்கு முன்பே. நாலு பேர் முன்னால் சொன்னால் அவர் தன் மானத்துக்காகப் பேசத் தொடங்கிவிடுவார், தூண் மறந்துபோகும். "சார், பார்த்ததைத்தான் எழுதியிருக்கேன். கோர் டெஸ்ட்டுக்கு நானே ஏற்பாடு பண்றேன். பாஸ் ஆனா உங்க கையில ஸ்ட்ராங்கா ஒரு பேப்பர் இருக்கும். இல்லேன்னா இப்பவே சரி பண்ணிடலாம். ஃபிளாட்டை ஒப்படைச்ச அஞ்சு வருஷத்துக்குள்ள ஸ்ட்ரக்சுரல் டிஃபெக்ட் வந்தா ரெரா (ரியல் எஸ்டேட்) சட்டப்படி புரொமோட்டர்தான் செலவு பண்ணிச் சரி பண்ணணும், அப்புறம் அவர் நம்மளைத்தான் பிடிப்பார்" என்று சொல்லுங்கள். அவரை எதிரியாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பில் பாஸ் ஆகவில்லையென்றால் அவர் தலை உருளும், அந்த நெருக்கடியில் நின்றுகொண்டுதான் அவர் பேசுகிறார்.

அன்று சாயங்காலமே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். சுருக்கமாக இருக்கட்டும்: "ஸ்டில்ட் காலம், எம்25, 28 நாள் கியூப் 19.1, 18.4, 19.6, சராசரி 19.0. ஐஎஸ் 456-படி ஏற்கத்தக்கதல்ல. ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக், கோர் சோதனைக்குப் பரிந்துரைக்கிறேன். முடிவு வரும்வரை இந்தக் காலம்களின் மேல் வேலையை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்." குற்றச்சாட்டு வேண்டாம், கோபம் வேண்டாம், 580 பற்றிய பேச்சே வேண்டாம். ஒரு நாளில் பதில் வராவிட்டால் அதையே கன்சல்டன்ட்டுக்கு அனுப்புங்கள். டிசைனில் கையெழுத்துப் போட்டவர் அவர், இது தெரிந்தே ஆக வேண்டியவரும் அவர்தான். வேறொருவரை வைத்து மேனேஜர் 580 எழுதிக்கொண்டாலும், உங்கள் மெயில் இருக்கும்.

கையெழுத்து மறுத்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் மறுநாள் கிளம்பக் காத்திருந்தது. பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தியோகால் கம்பெனியின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா நெருக்கியது. கம்பெனியின் பொறியியல் பிரிவுத் துணைத் தலைவரிடம் அவருடைய மேலதிகாரி, "பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போடு" என்றார். கம்பெனி தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஏவலாம் என்று கையெழுத்திட வேண்டிய இடத்தில் இருந்த ஆலன் மெக்டொனால்ட் மறுத்துவிட்டார். அவருக்குப் பதில் மேலே இருந்த இன்னொருவர் போட்டார். மறுநாள் 73-ஆவது நொடியில் கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கு முக்கியம். விசாரணைக் குழுவிடம் உண்மையைச் சொன்னதற்காக மெக்டொனால்டைப் பதவி இறக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு பழைய இடம் கிடைத்தது. அதே கம்பெனியில் இருந்துகொண்டே அந்த ராக்கெட்டின் மறுவடிவமைப்புக்குத் தலைமை தாங்கினார். அதே இரவில் அவரைப் போலவே எதிர்த்த ரோஜர் பாய்ஜோலியால் அங்கே இருக்க முடியவில்லை, விலகிவிட்டார். இருவரும் நேர்மையானவர்கள்தான். இருப்பதா போவதா என்பதை ஒவ்வொருவரின் உடம்பும் வீட்டு நிலவரமும் தீர்மானிக்கும். பொய்யில் கையெழுத்துப் போடுவதில்லை என்பது மட்டும்தான் இருவருக்கும் பொது.

அம்மாவுக்கு வருகிறேன். அவர் சொல்வதைத் தப்பு என்று நினைக்காதீர்கள். 9,000 ரூபாய்த் தவணை நின்றால் வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வீட்டைக் காப்பதும் உங்கள் மதிப்பீடுதான், பொய் எழுதக் கூடாது என்பதும் உங்கள் மதிப்பீடுதான். அதனால் அம்மாவிடம் நேர்மையைப் பற்றிப் பேசாதீர்கள், பணத்தைப் பற்றிப் பேசுங்கள். சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தள்ள முடியும், தவணையை யாரிடம் பேசித் தள்ளிவைக்கலாம், எந்த நகையை அடகு வைக்கலாம் என்று உட்கார்ந்து எழுதுங்கள். இன்றிலிருந்தே வேறு வேலையும் தேடுங்கள். மூன்று மாதச் செலவு கையில் இருக்கும் ஆளுக்குக் குரல் தானாகவே தெளிவாக வரும்.

கடிதத்தில் அம்மா சொன்னது இருக்கிறது, அப்பா சொன்னது இல்லை. அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லுங்கள். தூணுக்குப் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, கான்கிரீட் விழும்போது பக்கத்தில் நின்றவர் அவர். 19 என்றால் என்ன என்பதை உங்கள் வீட்டில் விளக்கம் இல்லாமல் புரிந்துகொள்ளப் போவது அவர் ஒருவர்தான்.

வெளியே புகார் கொடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். முதல் நாளே கலெக்டருக்கு மனு, பத்திரிகைக்குப் போன் என்று கிளம்பாதீர்கள். தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேடுகளைப் பிரதமருக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டும் அது பல கைகள் மாறியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, படிப்படியாகப் போங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மேனேஜரும் கன்சல்டன்ட்டும் கேட்காமல், சோதனையே இல்லாமல் மேலே ஸ்லாப் போடக் கிளம்பினால், அப்போது கட்டட அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது உங்கள் கடமை. அந்தக் கட்டம் வந்தால் தனியாகப் போகாதீர்கள். ஒரு வக்கீலையும், உங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரையும் கலந்துகொண்டு செய்யுங்கள். கம்பெனி ஆவணங்களை அள்ளிக்கொண்டு வராதீர்கள். நீங்கள் அனுப்பிய மெயிலும், உங்கள் சொந்த டைரியில் தேதியோடு எழுதிய குறிப்பும் போதும்.

விறைப்பாக இருக்கிறேனா என்று கேட்டீர்கள். விறைப்பான ஆள் என்றால் ஒரு கியூப் ஃபெயில் ஆனதுமே தூணை உடை என்று கத்துவார். நீங்கள் கேட்பது, பார்த்ததை எழுத விடுங்கள் என்பது மட்டும். கான்கிரீட்டில் தேன்கூடு போலப் பொத்தல் விழுந்த இடத்தை எப்படி அடைப்பது, எத்தனை நாள் சாக்கு கட்டித் தண்ணீர் ஊற்றுவது என்பதிலெல்லாம் சைட்டோடு எவ்வளவு வேண்டுமானாலும் வளைந்து கொடுங்கள். வேலை தெரிந்தவன் அப்படித்தான் இருப்பான். ரிஜிஸ்டரில் எழுதும் எண்ணில் மட்டும் வளையாதீர்கள்.

ஒருவேளை உங்களை அனுப்பிவிட்டால், ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றிதழையும் சண்டை போடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த இன்டர்வியூவில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பழைய கம்பெனியின் பெயரைக் கெடுக்க வேண்டாம். "கியூப் ரிசல்ட்டை வந்தபடி பதிவு செய்வதில் கருத்து வேறுபாடு" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சிலர் ஃபைலை மூடிவிடுவார்கள், அங்கே நீங்கள் போக வேண்டாம். மூன்றாம் நபர் தர ஆய்வு நிறுவனங்களும், அரசுத் திட்டங்களுக்குச் சோதனை செய்யும் லேப்களும் நிமிர்ந்து உட்காரும். அங்கே முதலில் விண்ணப்பியுங்கள். கோர் ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். எண்களைச் சேர்த்தே பார்க்கலாம்.